புள்ளிக்கு முன்னால்

புர்வோகெர்த்தோவில் மூன்றாம் நாளாக மழை.
குடிநீர்க் கழக அலுவலகத்தின் மாடியில்
திதிஸ் ஒருத்திதான் விழித்திருக்கிறாள்.
துணைக்கு ஒரு சர்வர்,
எண்ணெய்த் தாளில் ஆறிப்போன மெந்தோவான்.

அறுநூற்றுப் பதினோரு ஊழியர்.
பெயரைப் பதிந்தால் போதும்,
மின்னஞ்சல் முகவரியை அதுவே கட்டித் தரும் என்று
விற்றுவிட்டுப் போனார்கள்:
முன்பெயர், நடுவே புள்ளி, பிறகு குடும்பப்பெயர்.
ஐந்நூற்று அறுபத்தெட்டுப் பேருக்குக் கட்டித் தந்தது.
நாற்பத்து மூன்று பேரைக் கண்டுகொள்ளவே இல்லை.

மீட்டர் கணக்கெடுக்கும் சாலிமன்
செவ்வாய்க்கிழமை படியேறி வந்தார்,
ஹெல்மெட்டில் நீர் சொட்ட.
மூன்று மாதச் சம்பளச் சீட்டு வரவில்லை,
கடனுக்கு வங்கியில் கேட்கிறார்கள்.
புகாராகச் சொல்லவில்லை,
எங்கோ ஒரு குழாயில் கசிவு என்பதுபோலச் சொன்னார்.

முதலில் சர்வரைச் சந்தேகித்தாள்,
அணைத்துப் போட்டாள். எல்லோரும் செய்வதுதான்.
‘தானாகப் புதுப்பி’ என்ற கட்டத்தில்
டிக் இருக்கிறதா பார்த்தாள். இருந்தது.
கடைசியில் தன் கையாலேயே
சாலிமனுக்கு ஒரு முகவரி தட்டி வைத்தாள்.
சோதனைக் கடிதம் போய்ச் சேர்ந்தது.
நள்ளிரவில் விதி மறுபடி ஓடியது.
காலையில் முகவரி இல்லை,
துடைத்த தரையில் கால்தடம் இல்லாததுபோல.

பதிவேட்டில் நாற்பத்து மூன்று வரிகள்,
ஒரே பிழை.
பிழையை விட்டுவிட்டுப்
பெயர்களை மட்டும் வாய்விட்டுப் படித்தாள்:
சாலிமன். துகிஜன். குஸ்வாதி. வார்சினி.
அங்கே குரல் நின்றது.
ஒருவருக்கும் இரண்டாம் பெயர் இல்லை.
வைத்தது ஒன்று, வாழ அது போதுமாயிருந்தது.

படிவம் நிரப்பிய யாரோ அந்த ஒன்றைக்
குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டிருக்கிறார்கள்;
அங்கேதான் சிவப்பு நட்சத்திரம்.
சர்வர் சொன்னபடி செய்தது:
வெற்றிடம், புள்ளி, சாலிமன்.
பிறகு தான் எழுதியதைத் தானே படித்துப்
புள்ளியில் தொடங்கும் முகவரி செல்லாதென்று
கிழித்துப் போட்டது.

என் மொழியிலும் உண்டு இந்தச் சட்டம்.
புள்ளி பெற்ற எழுத்து சொல்லுக்கு முதலில் வராது;
மெய் நிற்க உயிர் வேண்டும்.
ஆனால் சாலிமனிடம் உயிர் இருந்தது,
ஐம்பத்து மூன்று வயது, ஒரு பழைய ஹோண்டா,
ஆயிரத்து இருநூறு வீட்டு மீட்டர்கள்
எந்த மூலையில் என்ற மனப்பாடம்.
புள்ளியைத்தான் வேறு யாரோ வைத்தார்கள்.

பணியாளர் பிரிவின் ஹெந்த்ரோ
போனில் வழி சொன்னார்:
பெயரை இரண்டு தடவை போடு, தீர்ந்தது.
சாலிமனிடம் கேட்டாள்.
“முதல் தடவை கூப்பிட்டபோதே வந்துவிட்டேனே” என்றார்.

ஆகவே புது விதி எழுதினாள்:
முன்பெயர் இல்லையேல் புள்ளியும் இல்லை,
இருக்கும் பெயரே முகவரி.
ஓட்டினாள்.
ஒன்றும் நடக்கவில்லை.

மணி ஒன்றரைக்கு,
மெந்தோவானின் ரப்பர் ஓரத்தைக் கடிக்கையில் உறைத்தது:
விதிகள் வரிசையில் நிற்கின்றன.
முதலில் பொருந்துவது ஆளைப் பிடித்துக்கொள்கிறது,
அடுத்ததை யாரும் கேட்பதில்லை.
எல்லோருக்குமான விதி எல்லோருக்கும் பொருந்தும்,
மேலே உட்கார்ந்திருந்தது.
நாற்பத்து மூன்று பேருக்கானது
அதன் காலடியில்.

இழுத்து மேலே வைத்தாள்.

இரண்டு பத்துக்கு வரத் தொடங்கின,
நாள்பட்ட குழாயில் முதலில் காற்றும்
பிறகு துருநீரும் வருமே, அப்படி
விக்கி விக்கி.
திரும்பிப்போன சீட்டுகள் இனி வராது.
அவற்றை அச்செடுத்து உறையிலிட்டு
மேலே எழுதினாள், ஒரே சொல்.

வார்சினிக்கு மட்டும்
வார்சினி இரண்டு என்று வந்தது.
அப்படியானால் ஒன்று யார்?
பழைய சர்வரிலிருந்து அப்படியே ஏறி வந்த பெட்டி,
ஐந்தாண்டு முன் ஓய்வு பெற்றவள்.
அழிக்கப் போனவள் திறந்து பார்த்தாள்.
மாதம் ஒரு கடிதம், ஒரே ஆள்:
தண்ணீரில் இரும்பு வாடை,
ஒருமுறை வந்து பாருங்கள் அம்மா.
கடைசியாகப் போன வியாழன்.

கீழே ஒரு வீட்டு எண் இருந்தது.
சாலிமனின் உறைக்குப் பின்புறம்
அதைக் குறித்துவைத்தாள்.